அழித்தும் காலியாகாத இடம்

1989, மாசி, செவ்வாய் இரவு. உத்திரமேரூர்.

கரும்பாலைக் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து புதுப் பதிவு எதுவும் ஏறவில்லை; டிஸ்க் நிரம்பிவிட்டது. எந்த அட்டவணை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். போன வருஷக் கரும்புப் பதிவுதான் டிஸ்க்கில் பாதியை அடைத்திருந்தது.

"பழசுதானே, அழிச்சிடும்மா" என்றார் மேனேஜர்.

அழித்தேன். இடம் கொஞ்சமும் காலியாகவில்லை. அழித்ததாக அடையாளம் மட்டும்தான் விழுந்திருந்தது. அடியோடு துடைக்க இன்னொரு கட்டளை தர வேண்டும். அதைத் தட்டப் போகையில் ஆலைக்குக் கரும்பு போடும் மானாம்பதி கோவிந்தம்மாள் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, என் கட்டைக்கரும்பை எப்போ வெட்டுவீங்க? காஞ்சிக்கினு கீது."

புதுப் பதிவில் அவள் பேர் இல்லை. பழைய கட்டையிலிருந்தே மறுபடி வளர்ந்த கரும்பு என்பதால், போன வருஷப் பதிவோடு விட்டிருக்கிறார்கள். அவளைப் போல இன்னும் எத்தனை பேரோ! அழித்ததை எல்லாம் மீட்டேன்.

"உன் பேர் இருக்கும்மா, ஆள் வருவாங்க" என்றேன். நம்பிப் போனாள்.

மேனேஜரிடம் சொன்னேன். "நாளைக்குள்ள இடம் காலியாவணும். அவ்ளோதான்" என்றார்.

கட்டைக்கரும்புக்காரர்களை மட்டும் பிரித்தெடுக்க ஒரு நாள் போதாது. துடைக்க மாட்டேன் என்று சொல்லத்தான் போகிறேன். சொன்னால் என் நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைத்துத் துடைக்கச் சொல்வார். கோவிந்தம்மாள் மறுபடி வந்து கேட்டால், அந்த ஆள் தேடிப் பார்த்துவிட்டு, "நீ பதியவே இல்லையேம்மா" என்பான்.