வாசலில் நின்று போட்ட சத்தம்

அன்புள்ள மகனுக்கு,

உன் தங்கையின் இடது கண்ணில் கம்படி பட்டிருக்கிறது, பட்டதற்குக் காரணம் நான். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் உன் நலம் கேட்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்தால் பேனா அங்கேயே நின்றுவிடும். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை, என் சர்க்கரையும் அடங்கித்தான் இருக்கிறது, கடையும் திறந்திருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் தொண்டையை நம்பி எதையும் சொல்ல இப்போது எனக்குத் தைரியமில்லை, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் பதறியடித்து டிக்கெட் போடாதே. வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள், அதுவரை பொறு.

போன சனிக்கிழமை சாயங்காலம் மில்லிலிருந்து நூல்கயிறு மூட்டையோடு லாரி வந்து நின்றது. வானம் கறுத்துவிட்டது, மழை இப்போதோ அப்போதோ என்று இருக்கிறது, ஷெட்டுச் சாவி உன் தங்கை பையில். சிலம்பக் கூடத்துக்குள் போனால் அவள் போனை அணைத்துவிடுவாள் என்பது உனக்குத் தெரியும். இரண்டு தெரு ஓடினேன். சலவைக் கடைக்குப் பக்கத்துப் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். நீ ஆறு வருஷம் போய்வந்த இடம், கடைசிப் படியில் செருப்பைக் கழற்ற வேண்டும், வாசல் கட்டைக்கு வெளியே நிற்க வேண்டும், உள்ளே கம்பு உயர்ந்திருந்தால் இரண்டு பேரும் நுனியைத் தரையில் ஊன்றும்வரை மூச்சுக் காட்டக்கூடாது, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று பத்துத் தடவையாவது எனக்குச் சொல்லியிருப்பாய். நானும் உம் கொட்டிக்கொண்டே பில் எழுதியிருப்பேன். அன்றைக்குச் செருப்போடு கட்டையில் ஏறி நின்று, லாரிக்காரர்களை விரட்டும் அதே குரலில் "குட்டி, ஷெட்டு சாவி எங்கடி?" என்று கத்தினேன். அவள் திரும்பினாள். எதிரே ஆடிக்கொண்டிருந்தவன் குழாய் ரிப்பேர் செய்யும் அந்த நெட்டை. அவன் கம்பு பாதி வழி வந்துவிட்டது. மணிக்கட்டைத் திருப்பிக் கம்பைப் பின்னால் இழுத்தான், என் கண்ணால் பார்த்தேன், ஆனாலும் நுனி பட்டுவிட்டது. அவள் உட்கார்ந்தாள். முதலில் கம்பைப் படுக்கையாகத் தரையில் வைத்தாள், அதற்குப் பிறகுதான் கண்ணைப் பொத்தினாள். பொத்திய கையோடு "சைடு ஜிப்புல இருக்குப்பா" என்றாள். மூட்டை ஒன்றுகூட நனையவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ கேட்க மாட்டாய், ஆனால் எனக்கு அதுதான் அறுக்கிறது.

கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். அசையக்கூடாது என்று இரண்டு கண்ணையும் கட்டித் தலையை உயர்த்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். பார்வை வருமா என்று டாக்டரிடம் கேட்டேன், "பிரிச்சாத்தான் தெரியும், நான் இப்ப ஒண்ணு சொல்லி நீங்க அதப் புடிச்சிக்கக்கூடாது" என்றார். நானும் வியாபாரி, தர முடியாத சரக்குக்கு வாக்குக் கொடுக்காதவனை எனக்குப் பிடிக்கும், இவரைப் பிடிக்கவில்லை. ஷெட்டில் தீப்பிடித்தபோதுகூட டீ குடித்துக்கொண்டே வாளி எண்ணியவன் நான். இப்போது அந்த வார்டுக் கதவைத் தள்ளுமுன் வராந்தாவில் இரண்டு தடவை போய்த் திரும்புகிறேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் முகம் இந்தப் பக்கம் திரும்புகிறது பார், அதற்காகவே வெறுங்காலோடு போகிறேன். நர்ஸ் திட்டுகிறாள்.

இதைவிட மோசமாக ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நெட்டை பார்க்க வந்தான். அவன் கை மீறி அடித்துவிட்டான் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் "பொம்பளப் புள்ள கண்ணப் பாத்தா அடிப்ப? உங்க வீட்டுல கை ஓங்கறதத் தவிர வேற எதுவும் சொல்லித் தரலியா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். கூடத்தில் நடந்தது வாசல் தாண்டக்கூடாது, அடித்தவன் தனக்காகப் பேசக்கூடாது, இரண்டும் அவர்கள் கட்டுப்பாடு. அவன் தலை குனிந்தபடி நின்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாத நேரத்தில் திறந்த வாய், அப்போது பூட்டிக்கொண்டது. அவன் போனபிறகு உன் தங்கை என்னைக் கூப்பிட்டு, "அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நேற்றுத்தான் மருந்துக் கடை வரிசையில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "அந்தப் புள்ள மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்?" என்றாள், அதோடு சரி. இன்னும் என்னோடு பேச்சில்லை.

இன்று காலை கூடத்துக்குப் போனேன். செருப்பைக் கடைசிப் படியில் விட்டேன். உள்ளே கம்பு உயர்ந்திருந்தது, நின்றேன். முக்கால் மணி நேரம் ஒருவரும் திரும்பவில்லை. சுவரில் ஒரு கம்பு மட்டும் துணி சுற்றித் தலைகீழாக நின்றது, நெட்டையின் கம்பு. அவனாகவே வைத்துவிட்டுப் போய்விட்டானாம், இனித் தொடுவதில்லை என்று. வாத்தியாரம்மா கடைசியில் வந்தார். தரைக்குப் புதுப் பலகை போட்டுத் தருகிறேன் என்றேன். "அண்ணே, பலகை நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குக் காது சுட்டது. பேரம் படியாத இடத்தில் நின்று எத்தனையோ வருஷமாயிற்று.

நீ சாயங்காலம் அவளுக்குப் போன் பண்ணு, கட்டோடு இருப்பதால் யாரென்று முதலில் சொல், மெதுவாகப் பேசு, கண்ணைப் பற்றிக் கேட்காதே. நெட்டைக்கும் ஒரு வார்த்தை பேசு, நீ பேசினால் கேட்பான். நீ வண்டி ஓட்டும்போது நான் கூப்பிட்டால் எடுக்காதே, அப்பாதானே என்று ஒரு கையால்கூட எடுக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நல்ல செய்தி எழுத எனக்குக் கை வர வேண்டும், வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

வாத்தியாரம்மாவிடம் நான் ஒப்புக்கொண்டு வந்தது இது. நாளைக் காலை அம்மாவோடு போய், நெட்டையையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, கூப்பிட்டது நான்தான் என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும், அவன் கம்பின் துணியை நானே அவிழ்த்து அவன் கையில் கொடுக்க வேண்டும். அதிலிருந்து நாற்பது காலை, கடை திறக்குமுன், தரை கூட்டிக் கம்புகளுக்கு எண்ணெய் போட வேண்டும், உள்ளே ஒரு வார்த்தை பேசக்கூடாது. இதெல்லாம் வாத்தியாரம்மா கேட்டது. கடைசியாக ஒன்று உன் தங்கை கேட்டதாம், வாத்தியாரம்மா ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவரிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டர் சரி என்று சொல்லும் முதல் நாள், அந்தக் கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அவள் அதே நெட்டையோடு கம்பு எடுப்பாள். நான் வாசல் கட்டைக்கு வெளியே உட்கார்ந்து கடைசிவரை பார்க்க வேண்டும். எழுந்து போகக்கூடாது, கண்ணை மூடக்கூடாது, என்ன நடந்தாலும் கூப்பிடக்கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா