வாரேன் என்று சொன்னதற்கு வந்த படகு

புதுச்சத்திரம்,
கார்த்திகை முதல் வாரம்.

அன்பு மகள் மோனிஷாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. சாமி புண்ணியத்தில் இங்கே நாங்களும் சுகம், பண்ணையில் கோழிகளும் சுகம். உங்கப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முந்திக்கொண்டு வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சந்தோஷ்குமாரும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று நினைக்காத நாளில்லை. போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்குதும்மா, சரிம்மா, வாரேன்மா என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலோ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பதாக நீயே சொன்னாய். அம்மா பேச்சு என்ன ரயிலா, வேகமாக ஓட்டுவதற்கு? ராசிபுரத்துப் பிரவீனா உங்கள் ஊருக்கே கிளம்புகிறாள் என்று தெரிந்ததும், ஆட்டையாம்பட்டி முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தை யாரும் வேகமாக ஓட்ட முடியாது. முறுக்கைத் தின்றுகொண்டே நிதானமாகப் படி.

வருகிற டிசம்பர் லீவுக்கு மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்களோடு நேராகக் கோவா போகிறோம், நேரமிருந்தால் ஊருக்கும் வந்துவிட்டுப் போகிறோம் என்று சொன்னாய். அந்த நேரமிருந்தால் என்கிற வார்த்தை எனக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது, மறைக்கவில்லை. மூன்று வருஷமாக உன் முகத்தைப் போன் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறேன். வெயில் வேணும்மா, இங்கே சூரியனே இல்லை என்றாய். புதுச்சத்திரத்தில் இல்லாத வெயிலா சாமி? சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். சின்னஞ்சிறுசுகள், கடலைப் பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சீசன் நேரத்தில் கோவாக் கடற்கரை எப்படி இருக்கும் என்று உன்னைவிட இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். சிரிக்காதே. தீபாவளி லீவில் நாங்களும் போய்விட்டுத்தான் வந்தோம், உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வயசான காலத்தில் எதற்கு என்பாய்.

தீவனக் கம்பெனிக்காரர்கள் பண்ணைக்காரர்களுக்கு வருஷா வருஷம் டூர் கொடுப்பார்களே, இந்தத் தடவை கோவா விழுந்தது. எனக்கும் அப்பாவுக்கும் அவர்கள் செலவு. உன் சாலம்மாள் அத்தை, தம்பி கடலில் விழுந்தால் யார் பார்ப்பது என்று சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டார். சூரமங்கலம் ஜங்ஷனில் ரயிலேறியதிலிருந்து அத்தை கையில் ஒரு தூக்குப்போசி புளிச்சாதம். ரிசார்ட்டில் காலையில் இலவசமாகவே இட்டிலி போடுகிறார்கள் என்றாலும் அதைக் கீழே வைக்கவில்லை. அந்தப் போசிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது, கேள்.

போய் இறங்கிய அன்று சாயங்காலம் மணலில் நடந்துகொண்டிருந்தோம். பச்சைத் தொப்பி போட்ட ஒருவன் ஓடி வந்தான். எந்த ஊர்க்காரனோ, தமிழ்க் கூட்டத்தோடு பழகி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ் பேசுகிறான். டால்பின் பார்க்கலாம், பெரிய போட், நாளை காலை என்று படம் காட்டினான். உங்கப்பாவுக்குத்தான் யாரையும் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதே. ஏனுங்க, அப்படீங்களா, ரொம்ப நல்லதுங்க என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தங்கியிருக்கிற ரிசார்ட்டையும் சொல்லிவிட்டு, கிளம்பும்போது, சரிங்க, வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டு வந்தார். நம் வீட்டில் யார் போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறோம்? மருந்துக்கடையிலும் வாரேனுங்கதான், பணம் எடுக்கிற மிஷினுக்குக் காவல் நிற்பவரிடமும் வாரேனுங்கதான். மறுநாள் காலை ரிசார்ட் வாசலில் பச்சைத் தொப்பி ஜீப்போடு நிற்கிறான். வேண்டாமப்பா என்றால், வாரேன் சொன்னது சார், புக்கிங் போட்டாச்சு சார், கேன்சல் கிடையாது சார் என்று கூட்டம் சேர்க்கிறான். அப்பா விளக்கம் சொல்கிறார், அது வந்துங்க, எங்க ஊர்ல போறதுக்குத்தானுங்க வாரேன்னு சொல்றதுங்க என்று. போறதுக்கு வாரேனா என்று அவன் முழிக்கிறான். அவன் முழிப்பதிலும் நியாயம் இருந்தது. தமிழ் தெரிந்தவனுக்கே சிரிப்பு வரும். நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற வெட்கத்தில் அவன் கேட்டதைக் கொடுத்துப் படகேறிவிட்டோம்.

டால்பின் வந்ததா என்று கேட்காதே. கறுப்பாக ஏதோ மிதந்தது, அவன் டால்பின் டால்பின் என்று கத்தினான், அத்தை பார்த்துவிட்டு, லாரி டயராட்ட இருக்குது என்றார். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டான். கொடுத்தது காட்டுவதற்காம், திரும்பிக் கரைக்குக் கொண்டுபோய் விடுவதற்குத் தனியாகத் தரவேண்டுமாம். பயந்துவிட்டேன் மோனிஷா. சுற்றிலும் தண்ணீர், எனக்கு நீச்சலும் தெரியாது. சட்டென்று உன் ஞாபகம்தான் வந்தது. அப்பா கையைப் பிசைந்தார். அத்தையோ பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போசியைத் திறந்து, எனக்கும் அப்பாவுக்கும் மூடியில் சாதம் வைத்துக் கொடுத்தார். அவனையும் பார்த்து, நீயும் ரெண்டு வாய் தின்னு சாமி, எங்களுக்கென்ன பால் கறக்கற நேரமா ஆச்சு, பொழுதோட போலாம், காத்து நல்லாத்தான் வருது என்றார். அவனுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, புளிச்சாதம் புரிந்தது. சீசன் நேரமல்லவா, கரையில் அடுத்த கூட்டம் காத்திருக்கிறது, அவன் போன் விடாமல் அடிக்கிறது. நாங்கள் நிதானமாக மென்றுகொண்டிருக்கிறோம். இரண்டாவது கவளம் முடிவதற்குள் இன்ஜினைக் கிளப்பிவிட்டான். சீசனில் அவசரம் அவர்களுக்குத்தான், லீவில் வந்த நமக்கில்லை, இதை மனதில் வைத்துக்கொள். ஆனால் நீ இப்படிப் படகேறி உட்கார்ந்து பரீட்சை பண்ண வேண்டாம், ஏறாமலே இரு. இறங்கியதும் உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா? வாய் சும்மா இருக்குமா, அவனைப் பார்த்துக் கும்பிட்டு, சரிங்க, வாரேனுங்க என்றார். அவன் தொப்பியைக் கழற்றி, வேணா சார், வராதே சார் என்று கையெடுத்துக் கும்பிட்டான். அத்தை அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ராசிபுரம் தாண்டியும் அடங்கவில்லை.

உனக்கும் அப்பா வாய்தான். அதனால் சொல்கிறேன், கடற்கரையில் எவன் வந்தாலும் வேண்டாம் என்று ஒரு தடவை சொல், நடந்துகொண்டே இரு. சரியும் வேண்டாம், வாரேனும் வேண்டாம். நெட்டில் ரிசார்ட் படம் பார்த்து முன்பணம் அனுப்பாதே, அந்த ரிசார்ட்டுக்கே போன் போட்டுப் பேசிவிட்டு அனுப்பு. எங்கள் கூட வந்த முருகானந்தம், நாமக்கல்லில் பண்ணை வைத்திருப்பவர், அவர் மகன் போன வருஷம் நெட்டில் பிடித்த ரூமுக்குப் போய்ப் பார்த்தால் நீச்சல்குளம் இருக்க வேண்டிய இடத்தில் தென்னந்தோப்பு இருந்ததாம். வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் முதலில் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல் மாப்பிள்ளையை, பழைய கீறலையெல்லாம் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். மீன் கடையில் விலை எழுதாத மீனை வாயில் வைக்காதே, கேட்டுவிட்டுத் தின்னு. நீங்கள் போகிற ஓட்டல் மூடியாச்சு, வேறு இடம் காட்டுகிறேன் என்று டாக்சிக்காரன் சொன்னால் காதில் வாங்காதே. கடையில் ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்பும்போது போனில் கடைக்காரர் பெயர்தான் வருகிறதா என்று பார், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறார்களாம். இதெல்லாம் படித்த பிள்ளைக்குத் தெரியாதா என்று அப்பா என்னைக் கேலி பண்ணுகிறார். வாரேன் சொல்லிப் படகேறியவர் கேலி பண்ணுகிறார், பாரேன்.

இப்போது கடைசிப் பேச்சுக்கு வருகிறேன். ஊருக்கு வந்ததிலிருந்து அந்தப் பச்சைத் தொப்பியைத் திட்டித் தீர்த்தேன். இப்போது திட்டுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போல வாரேன்மா என்று போனை வைத்தாய். அது வைப்பதற்குச் சொல்கிற வார்த்தைதான், எனக்குத் தெரியாதா. தெரிந்தும், வாரேன் என்றாளே என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பரண் மேலிருந்து உன் மெத்தையை இறக்கி வெயிலில் போட்டுவிட்டேன். ஆளை எதிர்பார்த்துக் கரையிலேயே நிற்பவர்கள் காதில் அந்த வார்த்தை வேறு எப்படி விழும், சொல். அப்பாவும் சும்மா இல்லை, விலைக்குக் கேட்டு வந்தவரிடம் அந்தச் செவலைச் சேவலைக் கொடுக்கவில்லை, மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லியிருக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். பிரவீனாவிடம் முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடாதே, அது நம்முடையது, நீ வரும்போது கொண்டு வா. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதே.

புக்கிங் போட்டாச்சு சாமி, கேன்சல் கிடையாது. வாரேன் சொன்னது நீதான்.

உன் வரவுக்கு மெத்தை காய வைத்திருக்கும்
அம்மா
வெ. சாரதாமணி