துரை சொன்ன ‘டிக் ஆப்’

1936, ஆடி 14, புதன்

காலையில் வெள்ளைக்காரத் துரை ஆபீசுக்கு வந்து, மாரியாயி ஏன் தேயிலைக் கொழுந்தெடுக்க வரவில்லை என்று கேட்டார். “அவளை ‘டிக் ஆப்’ பண்ணச் சொன்னீர்களே, பேரை வெட்டி, சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டேன்” என்றேன். துரை சிரித்துவிட்டார். அந்த வார்த்தைக்குத் திட்டி வை என்றுதான் அர்த்தமாம். முற்றின இலையைப் பறித்ததற்கு நாலு வார்த்தை ஏசச் சொல்லியிருக்கிறார்.

நான் தினமும் பேருக்கு நேரே ‘டிக்’ போடுகிற கிளாக்கன். பேரை எடுக்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

போன வாரம் அவள் ஆபீஸ் வாசலில் நின்று அழுதாள். “ஐயா, எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. சீட்டு மட்டும் குடுக்காதீங்க. புருஷனும் இல்லாம, கைப்புள்ளைய வச்சுக்கிட்டு எங்கய்யா போவேன்?”

“துரை உத்தரவு” என்றேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் டிக்கோயா வரைக்கும் நடந்து, தோட்டம் தோட்டமாக விசாரித்தேன். கடைசியில் ஒரு கங்காணி சொன்னார்: “அந்தப் பொம்பளையா? எங்கேயும் வேலை கெடைக்கல. முந்தாநாளே இலங்கையை விட்டு, ரயிலேறி, கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டாங்களே.”

பதிவேட்டில் அவள் ஊர் முசிறி என்று இருக்கிறது. அது அவள் அப்பனுடைய ஊர். அவள் பிறந்தது இந்தத் தோட்டத்து லய வீட்டில். முசிறியில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள்?