முகத்தை அசைக்காமல்

2024 ஜூன் 10, திங்கள்

இன்று மதியம் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே போய் அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் புகாத அறை. கதவைச் சாத்தினால் ஆஸ்பத்திரியே எங்கோ போய்விடுகிறது. ட்ரொலி இல்லை, நம்பர் கூப்பிடுகிறவர் இல்லை, மழை இல்லை. கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. அது என் இரத்தமாம், பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் எனக்குள் ஓடுவதாகத் தோன்றவில்லை. மலைக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் விழுவதாகத்தான் தோன்றியது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

நிலக்ஷி கண்ணாடியைத் தட்டி எழுப்பினாள். "நோயாளிங்க வெளிய நிக்குறாங்க, டொக்டரம்மா ஏஞ்சலா உள்ள தூங்குறாங்க!" என்று என் பேரை இழுத்துக் கிண்டல். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெட்ச். காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிற படிப்பு, கடைசி வருடம். தமிழ் பேசுகிறவர்கள் என்று இந்த மலைநாட்டு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் மாத்தளைக்காரி, தாதிமார் விடுதியில் தங்குகிறாள். எனக்குக் கொட்டகலையில் வீடு. பஸ்ஸில் வந்து போகிறேன்.

அடுத்த மாதம் கிளினிக்கல் பரீட்சை. பரிசோதகர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நிஜ நோயாளிக்குக் காது பரிசோதித்துக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

நான் தவற மாட்டேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஹெட்ஃபோனில் சத்தம் கேட்டதும் டக்டக்கென்று கையிலிருக்கிற பட்டனை அமுக்குகிறார்கள். நிலக்ஷியிடம் போகிறவர்கள்தான் ஒன்றுமே அமுக்காமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு இருக்கிறார்கள். பாவம் அவள்.

ஜூன் 16, ஞாயிறு

பூசைக்கு அப்பா வழக்கம்போல முதல் வரிசை. அந்த இடம் போய்விடக் கூடாது என்று விடிந்ததிலிருந்தே எங்களை அவசரப்படுத்துவார். புதிதாக வந்திருக்கிற ஃபாதரை அவருக்குப் பிடிக்கவில்லை. "தாடிய வச்சுக்கிட்டு என்னா பிரசங்கம் அது? ஒரு சத்தும் இல்ல" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். "ஏங்க, நல்லாத்தானே சொன்னாரு" என்று பின்னால் வந்த அம்மா சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மதியம் நிலக்ஷி சாப்பிட வந்தாள். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "அங்கிள், சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. என்னிடம் வந்து, "ஒங்க அப்பாவுக்கு என்னயப் புடிக்கலையா?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு.

அப்பா, இக்னேசியஸ், தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து தூளாகிற ஃபெக்டரியில், வேலை. கொழுந்து உருட்டுகிற மெஷின்களோடு இளவயதிலிருந்து நிற்கிறவர். அந்த இரைச்சலில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அவர் நம் பக்கம் பார்க்கும்வரை நிற்க வேண்டும், தாடையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அப்புறம் பேச வேண்டும். வீட்டிலும் எங்களுக்கு அதுவே பழகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம்தான். பரிசோதிக்கலாம் வாங்க என்றால் வர மாட்டார். "ஊரே கத்தினாலும் எனக்குக் கேக்காது. ஏம் மக மெதுவா பேசினாலும் கேட்ரும். அதுக்கு மேல என்னா கேக்கணும்?" என்று நிலக்ஷியிடமும் பெருமையடித்தார்.

அவர் அதைச் சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது, உண்மையைச் சொன்னால் என்ன.

ஜூன் 27, வியாழன்

கனவு. ஸ்டோரில் எல்லா மெஷினும் ஓடுகிறது, சத்தமே இல்லை. பச்சைக் கொழுந்து வாசம் மட்டும் இடுப்பளவு நிற்கிறது. அப்பா தூரத்தில் நின்று ஏதோ சொல்கிறார். என் கையில் பட்டன், எப்போது அமுக்குவது என்று தெரியவில்லை. விழித்தபோது ஜன்னல் முழுக்கப் பனி. றொசல்லைப் பக்கமிருந்து வந்த கோச்சி தண்டவாளம் தடதடக்க, கண்ணுக்குத் தெரியாமல் ஊதிக்கொண்டு போனது.

ஜூலை 9, செவ்வாய்

பெயில்.

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நோயாளி பெயர் அம்மாக்கண்ணு. அக்கரப்பத்தனைப் பக்கம், கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பரிசோதகர் சமன்மலி மெடம். இங்கே எங்களைப் பழக்குகிறவரும் அவர்தான். அம்மாக்கண்ணுவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, "எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் இத அமுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒலியை அனுப்பத் தொடங்கினேன். அமுக்கினார். குறைத்தேன். அமுக்கினார். இன்னும் குறைத்தேன். அப்போதும் அமுக்கினார். இந்த வயதில் இவ்வளவு கூர்மையா என்று ஒரு கணம் தோன்றியதுதான். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

மெடம் எழுந்து மெஷினுக்குப் பின்னால் போய் நின்றார். தொடரச் சொன்னார். தொடர்ந்தேன். அம்மாக்கண்ணு ஒன்று விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் மெடம் கையைத் தூக்கிக் காட்டினார். கையில் ஹெட்ஃபோன் வயர். எப்போதோ கழற்றியிருக்கிறார்!

காதுக்குப் போகவே போகாத சத்தத்துக்கு அந்த அம்மா பட்டனை அமுக்கியிருக்கிறார்.

மெடம் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: ஒலியை அனுப்பும் ஒவ்வொரு முறையும் நீ தாடையைத் தூக்குகிறாய், புருவமும் ஏறுகிறது. அவர் கேட்கவில்லை மகளே, உன்னைப் பார்க்கிறார்.

உள்ளே போய் அம்மாக்கண்ணுவிடம் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தாடையத் தூக்குனா சத்தம் வருதுன்னுதானே புள்ள அர்த்தம்? ஒனக்குப் பரீட்சைன்னு வெளிய பேசிக்கிட்டாங்க. நம்ம தோட்டத்துப் புள்ள, நம்மளால பெயிலாகிறக் கூடாதேன்னு நான் ஒன்னய வுட்டுக் கண்ணயே எடுக்கல."

மாதாவே! இதற்கு அழுவதா சிரிப்பதா? "நல்லா செஞ்சீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு மெடமே அவருக்குப் பரிசோதித்தார். இரண்டு காதும் நன்றாகவே குறைந்திருக்கிறது. நான் எழுதித் தந்ததை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால்? இதுவரை டக்டக்கென்று அமுக்கினார்களே, அவர்கள் எல்லோரும்? அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடப் போகிறாராம் மெடம்.

ஜூலை 10, புதன்

வீட்டில் சொன்னேன். அம்மா ரொட்டி சுட்டுத் தந்தார். அப்பா, "வுடு புள்ள, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். ஆகஸ்ட் கடைசியில் அடுத்த தடவை.

ஜூலை 24, புதன்

நோயாளியின் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டால் போயிற்று என்று மெடமிடம் சொல்லிப் பார்த்தேன். போடலாம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகளும் பயந்தவர்களும் வரும்போது நாம் அவர்களைப் பார்க்க வேண்டும், அவர்களும் நம்மைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பழக்கு என்றார்.

நிலக்ஷி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு கங்காணியைப் போல என்னைக் கண்காணிக்கிறாள். "இந்தா, தூக்கிட்ட!" "இப்ப தாடை இல்ல, மூக்கு வெடைக்குது!" "ஐயோ, செத்த பொணம் மாதிரி இருக்காதடி, நோயாளி எந்திரிச்சு ஓடிருவாங்க!" சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் வயிற்று வலி. சிரிப்பு அடங்கிய பிறகு மறுபடி ஒலியை அனுப்பினேன். மறுபடி தூக்கினேன். இது என் முகத்தில் இல்லை, எலும்பில் இருக்கிறது.

இனி வீட்டிலும் பழக வேண்டியதுதான்.

ஜூலை 28, ஞாயிறு

சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பேசும்போது, எந்த நேரமும் பழகுகிறேன். தாடை ஏறக் கூடாது. புருவம் ஏறக் கூடாது. வாயையும் அளவாகத்தான் திறக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

இன்று மாலை அப்பா வாசற்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மலை போய், தேயிலை போய், எதிர் லயத்து வீடுகளும் போய், அங்கே எரிந்த விளக்கு மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, எம்மேல கோவமா?"

"இல்லையே. ஏன்ப்பா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெயிலானதுக்கு நான் ஒன்னும் ஏசலையே. ரெண்டு மூணு நாளா எங்கூட ஒரு வார்த்த பேச மாட்டேங்கிற."

நான் பேசினேன்! தினமும் பேசினேன். பஸ்ஸில் நடந்த சண்டை, நிலக்ஷியின் கூத்து, மெடம் சொன்னது, எல்லாம். நேற்றுகூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னேன். தலையாட்டிக்கிட்டு இருந்தாரே. சிரிச்சாரே.

ஒன்னுமே கேக்கலையா?

அப்ப இத்தன வருஷமா? முதல் வரிசை எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. தாடி வச்ச ஃபாதரை ஏன் புடிக்கலன்னு இப்பத்தான் புரியுது. நிலக்ஷிக்குப் பதில் சொல்லாதது, பின்னால வந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாதது. ஏம் மக பேசினா கேட்ரும், ஏம் மக பேசினா கேட்ரும். கேக்கல. பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. காதப் பத்திப் படிக்கிறவ நான், ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு எனக்குத்தான் ஒன்னும் தெரியல.

அவர் இன்னும் என் பதிலுக்குக் காத்திருந்தார். தாடையைத் தூக்கிக் காட்டினேன். "கோவம் இல்லப்பா" என்றேன். உடனே முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். நான் பனிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

வீட்டில் இனிப் பழைய முகம். ஆஸ்பத்திரியில்தான் புது முகம்.

அப்பாவிடம் எதையும் உடைத்துச் சொல்லவில்லை. பரிசோதிக்க வாங்க என்று மட்டும் மறுபடி கெஞ்சினேன். கடைசியில் மனதில் இருந்ததைச் சொன்னார். "காது போச்சுன்னு தெரிஞ்சா மெஷின்ல இருந்து என்னய எடுத்துருவாங்க புள்ள. அந்த வேலைய வுட்டா எனக்கு வேற என்னா தெரியும்?"

மெஷினை விட்டு எடுத்தால்தான் மிச்சக் காதாவது தப்பும் என்று சொல்ல வாய் வந்தது. மென்று விழுங்கினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "சரி சரி, மொகத்தத் தொங்கப்போடாத. மொதல்ல நீ பாஸாகு. அப்புறம் வர்றேன்."

விளையாட்டுக்குச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தூக்கத்தில்கூடத் தாடையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறேனாம். அம்மா சொல்கிறார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நோயாளி வீரய்யா என்று ஒரு பெரியவர். உள்ளே உட்கார்ந்ததிலிருந்து என்னையே பார்த்தார். ஒலியை அனுப்பினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொன்று. அதே பார்வை. "இப்ப அமுக்கணுமா புள்ள?" என்று கண்ணாலேயே கேட்கிறார், எனக்கு நன்றாகத் தெரிகிறது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் போகிற மாதிரி எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்தை வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கைவிட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சுருங்கியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மலையில் நின்றுகொண்டு எங்கிருந்து தண்ணீர்ச் சத்தம் வருகிறது என்று தேடுவோமே, அப்படி. அனுப்பினேன். விரல் மெல்ல அசைந்து பட்டனை அமுக்கியது, மெஷினில் என் பக்கம் விளக்கு எரிந்தது. அது அவருடைய சொந்தக் காதால் கேட்டது. அந்த ஒரு விளக்குக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் முகம் அசையவில்லை.

நடுவில் மெடம் எழுந்து மெஷினுக்குப் பின்னால் போனார். அடுத்த ஒலிக்கு விளக்கு எரியவில்லை. அதற்கடுத்ததற்கும் எரியவில்லை. நான் திரும்பி, "மெடம், வயரை மாட்டிவிடுகிறீர்களா?" என்றேன்.

"ஹரி" என்றார் மெடம், சிரித்துக்கொண்டே. சரி என்பதற்குச் சிங்களம். அவர் வாயில் அந்த ஒரு சொல் வந்தால் போதும். பாஸ்!

வீட்டுக்கு ஓடி வந்து, அப்பா திரும்பும்வரை நின்று, தாடையைத் தூக்கி, "எப்ப வர்றீங்க?" என்றேன். ஐயோ, அந்த முழி! வசமாக மாட்டிக்கொண்டார்.

செப்டெம்பர் 5, வியாழன்

வந்தார். கலியாண வீட்டுக்குப் போகிற சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மெடம் பக்கத்தில் நிற்க, நானே பரிசோதித்தேன்.

அப்பாவுக்கு என் புது முகம் பிடிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தேடினார். கொஞ்சம் முன்னால் குனிந்து தேடினார். கண்ணை மூடவே இல்லை. வீரய்யா என்னைக் கைவிட்டார், அப்பா விடவில்லை. தாழ்ந்த ஒலிகளுக்கு இரண்டொரு விளக்கு எரிந்தது. உயர்ந்த ஒலிகளுக்கு ஒன்றுமில்லை. கூட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினேன். எனக்கே வெளியில் கேட்கும் அளவுக்குக் கூட்டினேன். அவர் பட்டனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி, அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

முடித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் நின்று, பேசுவதற்காகத் தாடையைத் தூக்கினேன். வாயே திறக்கவில்லை.

"ஆங்" என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பு. "இப்பக் கேக்குது."

நவம்பர் 17, ஞாயிறு

அப்பாவின் காதுக் கருவி போன கிழமை வந்தது. முதல் இரண்டு நாளும் கழற்றிக் கழற்றி வைத்தார். தகரத்தில் மழை விழுவது தலைக்குள் விழுகிறதாம், அம்மா பாத்திரம் கழுவுவது சண்டை போடுகிற மாதிரி இருக்கிறதாம். ஸ்டோரில் அவரைக் கொழுந்து வாடவைக்கிற மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே மெஷின் இல்லை. மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருந்தார், நான்காம் நாள் அங்கே நல்ல காற்று வருகிறது என்றார்.

இன்று காலை வாசலில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கருவியோடு. நான் பின்னால், அடுப்படியில். பூசைக்கு நேரமாகிவிட்டது. அவர் திரும்பும்வரை நிற்காமல், தாடையையும் தூக்காமல், சாதாரணமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அப்பா."

திரும்பினார்.

அப்புறம் அவர் தன் பக்கத்தில் படியைத் தட்டிக் காட்டினார்.

"கேக்குது புள்ள, கேக்குது. இருந்தாலும் இங்கிட்டு வந்து மொகத்தக் காட்டிப் பேசு."