வேறு குறிப்புகள்: ஒன்றுமில்லை

18.01.2024, வியாழன்

காலை ஆறரைக்குச் சீனி வருத்தத்துக்கான குளிசை ஒன்றை விழுங்கினேன். ஏழு மணிக்கு மனைவி வினிபிரட்டின் கண்களுக்கு மருந்து, கண்ணுக்கு ஒரு துளி. ஏழேகாலுக்குப் பேக்கரிப் பாண். இனிப் பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம், பாண் இல்லை என்பதால் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு ஆரணி வந்தாள். பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. சீனி வருத்தக்காரர் நாற்பது பேரைச் சேர்த்திருக்கிறாள். பாண், கோதுமை மா, சீனி மூன்றையும் விட்டு, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல், குரக்கன் தானியம், சிவப்பரிசிப் பழஞ்சோறு, கீரை, சின்ன மீன் என்று சாப்பிட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் எங்கள் மலத்தில் உள்ள நுண்ணுயிர்களைப் பார்ப்பார்கள். பழைய உணவை விட்டுவிட்ட ஆதிக்குடிகள் பலரிடம் இந்த நுண்ணுயிர்கள் குறைந்ததையும், நீரிழிவு போன்ற நோய்கள் கூடியதையும் பிற நாடுகளில் கண்டிருக்கிறார்களாம்.

"அதுகள் பட்டினியிலை செத்துப்போகுது, சேர். சாப்பாடு திரும்பி வந்தால் அதுகளும் திரும்பி வருமோ எண்டுதான் பாக்கிறம்."

ஒரு தயக்கத்தைச் சொன்னேன். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஒடியற்கூழை வீட்டு வாசலுக்குள் விட்டவரில்லை. பாணும் பட்டரும் பால் தேத்தண்ணியும்தான் படித்தவர்களின் காலைச் சாப்பாடு என்பது அவருடைய எண்ணம். என்னுடையது மிஷன் வயிறு. இல்லாத ஒன்று எப்படித் திரும்பி வரும்? அவள் சிரித்துவிட்டு, அதையும் எழுதி வையுங்கோ என்று சொல்லி ஓர் உணவுக் கொப்பியைத் தந்தாள். நேரம், உணவு, அளவு, வேறு குறிப்புகள் என நான்கு நிரல்கள்.

நடராசா அண்ணையும் சேர்ந்திருக்கிறார். கீரிமலைப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கிளினிக் வரிசையில் பதினொரு வருடப் பழக்கம். மல மாதிரிக்கான போத்தலை ஆரணி கையில் கொடுத்தபோது சொன்னாராம்: "எழுபத்தாறு வயதிலைதான் பிள்ளை, என்ரை கழிவுக்கு ஒரு மரியாதை வந்திருக்கு."

29.01.2024, திங்கள்

ஒடியல் மாவை வினிபிரட் மூன்று தண்ணீர் மாற்றி ஊறவிட்டுப் பிழிந்தாள். கண் தெரியாவிட்டாலும் நாக்கில் தொட்டுக் கசப்புப் போனதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். பிட்டு நன்றாக இருந்தது. வயிற்றில் பெரும் காற்று. கொப்பியில் எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

09.02.2024, வெள்ளி

இதை எழுதக் கை வருகுதில்லை.

பகல் 11.10. மூலைக் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கடை வாசலில் நின்றபோது ஏன் வந்தேன் என்பது தெரியவில்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது. சொல்லே இல்லாமல் போனது. கடைக்காரப் பெண் இராசாத்தி என்ன வேணும் மாஸ்டர் என்று இரண்டு முறை கேட்டாள். விரல்கள் நடுங்கின. சட்டை முதுகோடு ஒட்டியது. திரும்பி வந்துவிட்டேன். வினிபிரட் ஒரு வாழைப்பழம் தந்தாள். கால் மணித்தியாலத்தில் எல்லாம் சரி. இருந்து ஆறியதால் சரியானது போலும்.

இது மூன்றாவது தரம். திங்கள் 10.50, புதன் 11.30, இன்று.

என் கூடப்பிறந்த நதானியேல் அண்ணைக்கும் இப்படித்தான் தொடங்கியது. போதகராக இருந்தவர், முப்பது வருடம் சொன்ன ஆசீர்வாதத்தைப் பாதியில் மறந்து நின்றார். மூன்றாம் வருடம் கனடாவிலிருந்து தொலைபேசியில் என்னிடம், "தம்பி, நீர் ஆரின்ரை பெடியன்?" என்று கேட்டார். பிறகு முதியோர் இல்லம். அங்கேயே முடிந்தது.

எனக்கு எழுபத்து நான்கு. அண்ணைக்குத் தொடங்கிய வயது.

உணவுக் கொப்பியில், வேறு குறிப்புகள்: ஒன்றுமில்லை.

22.02.2024, வியாழன்

கிளினிக். ஐந்தரைக்கே போய் இலக்கம் எடுத்தேன். வெறுவயிற்றுச் சீனி 104. போன வருடம் முழுக்க 170க்குக் கீழே வரவில்லை. இளம் டொக்டர், கிளினிக் கொப்பியைப் பார்த்தபடியே, நல்லாயிருக்கு, உதையே தொடருங்கோ என்றார். எனக்குப் பின்னால் எழுபது பேர் இருந்தார்கள். சாப்பாட்டை மாற்றியதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள், வேறை ஏதும் கஸ்ரமோ என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? மறதி என்று சொன்னால் அதை எழுதுவார்கள். எழுதினால் மகள் நிஷானிக்குத் தெரியவரும். லண்டனிலிருந்து ஞாயிறுதோறும் அவள் கேட்பது ஒன்றுதான்: "அப்பா, உங்களுக்கும் ஏலாமல் போனால் அம்மாவை ஆர் பாக்கிறது?" வீட்டை விற்று இருவரையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறாள். இந்த வளவுக்குள் வினிபிரட்டுக்குக் கண் தேவையில்லை. கிணறு எத்தனை அடி, அடுப்பு எத்தனை அடி எல்லாம் அவளுக்குத் தெரியும். வேறு வீட்டில் அவள் உண்மையிலேயே குருடியாகிவிடுவாள்.

அவளுடைய கண்மருந்து நாளுக்கு மூன்று தரம். நான்தான் விடுகிறேன். என் தலை போனால் அவளுடைய மிச்சப் பார்வையும் போகும்.

03.03.2024, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. அப்பா பழக்கியபடி வெறுவயிற்றோடு ஆலயத்துக்குப் போனேன். ஆறரைக்குக் குளிசையைத் தண்ணீரோடு விழுங்கினேன். அதைப் பிந்தவிட்டதில்லை.

முதலாம் வேதபாடம் வாசிப்பது என் முறை. நாலு வசனம் வாசித்தேன். ஐந்தாவதில் எழுத்துகள் தெரிந்தன, அவை சொல்லாகவில்லை. முகத்திலிருந்து வேர்வை வேதப்புத்தகத்தில் விழுந்தது. எவ்வளவு நேரம் நின்றேன்? போதகர் வந்து என் தோளைத் தொட்டு மிச்சத்தை வாசித்தார்.

எல்லோரும் நதானியேலை நினைத்திருப்பார்கள். அதே ஆலயம், அதே குடும்பம்.

வீட்டில் வினிபிரட், வெக்கையாக்கும் என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

04.03.2024, திங்கள்

உணவுக் கொப்பியில் இன்றும் ஒன்றுமில்லை என்று எழுதினேன். பேனை எழுத மறுத்ததுபோல் இருந்தது.

09.03.2024, சனி

நேற்றுச் சிவராத்திரி. நடராசா அண்ணை கீரிமலையில் குளித்து, விரதமிருந்து, விழித்திருந்த கண்ணோடு வந்தார். குளிசை போட்டீர்களா என்று கேட்டேன்.

"பட்டினியெண்டால் குளிசையும் பட்டினிதான், மாஸ்டர். அதுவும் பாவம், உள்ளை போய் என்னத்தைத் தின்னும்?"

பொறுப்பில்லாத மனிதர் என்று நினைத்தேன். பதினொரு வருடத்தில் நான் ஒரு குளிசையும் தவறவிட்டதில்லை.

12.03.2024, செவ்வாய்

ஆண்டவரே.

பகல் மருந்து, 11.40. காலையில் ஒரு கோப்பை ஒடியற்கூழ் மட்டும். அலுமாரியில் கண்மருந்துப் போத்தல். பக்கத்தில், இரண்டாம் மாதிரிக்காக ஆரணி தந்த நீல மூடிச் சின்னப் போத்தல். மலத்தைக் கெடாமல் வைக்கும் திரவம், அதன் வாயும் துளிதுளியாக ஊற்றுகிற வாய்தான். பக்கத்தில் வைத்தது நான். ஒழுங்காக அடுக்குகிறவன் அல்லவா.

வினிபிரட் கதிரையில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். கண்ணிமையைப் பிடித்தேன். போத்தலைக் கவிழ்க்கப் போனேன்.

"இஞ்சாருங்கோ. உது என்ன மணம்? உது என்ரை மருந்தில்லை."

கையில் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எது என்று விளங்கவில்லை. நீல மூடி என்பது தெரிந்தது, நீலம் என்றால் எது என்பது தெரியவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் போத்தலைத் தானே எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தாள். அதைக் குடித்த பிறகுதான் என்ன செய்யப் போனேன் என்பது தெரிந்தது.

ஒரு துளி விழுந்திருந்தால்?

13.03.2024, புதன்

வினிபிரட்டிடம் சொல்லத் தொடங்கினேன். அவள் முடிக்கவிடவில்லை.

"ஒரு மாசமாய் உங்கடை கோப்பை தட்டிலை தாளம் போடுது. எனக்குக் கண்தான் தெரியாது."

ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீங்கள் இன்னும் நல்லாய் ஒளிப்பியள், அதுதான் என்றாள். நாற்பத்தாறு வருடம். அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

வெள்ளி ஆரணி வருகிறாள். இந்த டயறியை அவளுக்குக் காட்ட வேண்டும் என்கிறாள் வினிபிரட். எனக்கு மட்டும் என்று எழுதியது. காட்டினால் ஆராய்ச்சியிலிருந்து நீக்குவார்கள், நிஷானிக்குச் சொல்வார்கள், அண்ணையின் பாதை தொடங்கும். காட்டாவிட்டால் அந்த நீல மூடி.

காட்டுகிறேன்.

15.03.2024, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆரணி மேசையில் உணவுக் கொப்பியையும் இந்த டயறியையும் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒரு விரல் அதில், ஒரு விரல் இதில். கொப்பியில் ஐம்பத்தேழு தரம் ஒன்றுமில்லை. டயறியில் எட்டு நடுக்கம், மணியோடும் நிமிடத்தோடும். எனக்குக் காது சுட்டது. கள்ள விடைத்தாளோடு பிடிபட்ட பிள்ளை ஆசிரியர் முன் நிற்பதுபோல் இருந்தேன். ஆசிரியனும் நானே.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, இப்ப எப்பிடி இருக்கு சேர் என்று கேட்டாள். மணி 11.20. வேர்க்கத் தொடங்கியிருந்தது. பயத்தால் என்றேன். பையிலிருந்து சீனி பார்க்கும் கருவியை எடுத்து விரலில் குத்தினாள்.

58.

சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்கச் செய்து, கால் மணித்தியாலம் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். திரும்பக் குத்தினாள். 91. பிறகு சொன்னாள்:

"உங்களுக்கு மறதி இல்லை, சேர். சீனி விழுது. சாப்பாடு வேலை செய்யுது, குளிசை பழைய அளவிலையே கிடக்கு. ரெண்டும் சேர்ந்து உங்களை விழுத்துது."

ஆராய்ச்சியில் சேரும்போது நான் ஒப்பமிட்ட தாளில் நாலாவது வரியாக அது இருந்தது: உணவு மாறுவதை உங்கள் டொக்டரிடம் சொல்லவும். நான் வாசித்தேன். அடிக்கோடும் இட்டேன். சொல்லவில்லை. கேட்டுப் பார்க்காதது தன் பிழை என்று அவளும் சொன்னாள். அந்த எட்டு நடுக்கத்தில் ஒன்றையாவது நான் கொப்பியில் எழுதியிருந்தால் அன்றே கண்டிருப்பாள்.

முப்பத்தொரு வருடம் உயிரியல் படிப்பித்தவன். மூளை குளுக்கோசில்தான் ஓடுகிறது என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். என் உடம்பு என்று வந்ததும் படித்தது எங்கே போனது?

இன்னொன்று. நதானியேல் அண்ணைக்கும் சீனி வருத்தம் இருந்தது. அவருக்கும் யாராவது ஒரு விரலில் குத்திப் பார்த்தார்களா? அதை யோசிக்கக் கூடாது. யோசிக்கிறேன்.

18.03.2024, திங்கள்

கிளினிக். ஆரணி எழுதித் தந்த தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டொக்டர் கேட்க முன்னரே சொன்னேன். குரல் நடுங்கியது, சீனியால் அல்ல. அவர் பேனையை வைத்துவிட்டு முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் ஐயா முந்திச் சொல்லேல்லை?"

பின்னால் ஆட்கள் நின்றார்கள் என்றேன். குளிசையைப் பாதியாக்கினார். சாப்பிட்ட பிறகுதான். சாப்பாடு இல்லையென்றால் குளிசையும் இல்லை. நினைவை எதற்கும் ஆறு மாதத்தில் சோதிப்பாராம். ஆகவே பயம் முழுதாகப் போகவில்லை. பாதியாகியிருக்கிறது, குளிசையைப் போல.

நடராசா அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

07.04.2024, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. திடப்படுத்தல் பெற்று முதல் திருவிருந்து எடுத்த நாளிலிருந்து இன்றுதான் முதல் தரம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். பழஞ்சோறு, சின்ன வெங்காயம், மோர். பிறகு அரைக் குளிசை. அப்பாவின் படத்தைப் பார்க்காமல் வெளிக்கிட்டேன். வினிபிரட் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடதாசியில் சுற்றி என் சட்டைப்பையில் வைத்தாள்.

பாடம் என் முறை அல்ல. வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல், போதகர் என்னைப் பார்த்தார். மறுக்கத்தான் நினைத்தேன். பதினாறு வசனம். ஐந்தாவதில் ஒருமுறை பையைத் தொட்டுப் பார்த்தேன். முடிவு வரை வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் மாதிரி கொடுக்க வேண்டும். இந்த மிஷன் வயிற்றில் என்ன முளைத்திருக்கிறது என்பது வருட முடிவில்தான் தெரியுமாம். ஒன்றுமே முளைக்காமலும் இருக்கலாம். நீல மூடிப் போத்தல் இப்போது வேறு அறையில், பூட்டி, திறப்பு வினிபிரட்டிடம்.

வீட்டுக்கு வந்து 11.10க்குக் கையை நீட்டிப் பார்த்தேன். அவள் கேட்டாள், என்ன பாக்கிறியள் என்று. கையைத்தான் என்றேன். அவள் தன் கையை என் கைக்கு அடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

"நடுக்கமில்லை. எழுதுங்கோ."

பகல் மருந்து, 11.40. வலது கண் ஒரு துளி, இடது கண் ஒரு துளி.

உணவுக் கொப்பியின் நான்காவது நிரலில், வேறு குறிப்புகளுக்கு, இடம் போதவில்லை. ஒரு தாளை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.