மேப்பில் மட்டும் இருந்த ரோடு

அக்கா,

நேற்றுக் காலை ஆபீஸ் லேப்டாப்பை ஆன் செய்தேன். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியதும் சூடான காற்றோடு சுண்ணாம்புப் பொடியின் வாசனை வந்தது. எவ்வளவு துடைத்தும் போகாத பொடி. வாசனை மூக்கில் ஏறியதுமே என் கை கார் கதவின் பிடியைத் தேடியது. நான் உட்கார்ந்திருந்தது ஆபீஸ் நாற்காலியில்.

இன்னும் பயம் போகவில்லை. இதை உங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் எழுத முடியாது.

போனில் சிக்னல் கிடைக்காத இடமாகப் பார்த்துத்தான் நம் ஏரிகள் எல்லாம் இருந்தன. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஏரி ஏரியாகப் போய், கரை எங்கே உடைந்திருக்கிறது, மதகு எங்கே தூர்ந்திருக்கிறது என்று குறித்து வருவதுதான் நம் வேலை. வண்டி உங்கள் அப்பாவின் பழைய கார். ஓட்டுவது நீங்கள். லேப்டாப்பில் ஏற்றி வைத்த மேப்பைப் பார்த்து வழி சொல்வது நான். கார் கூரையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்த கருப்பு ஜிபிஎஸ் கருவிக்கு நீங்கள் மூட்டப்பூச்சி என்று பெயர் வைத்திருந்தீர்கள். அதன் ஒயர் ஜன்னல் வழியாக என் மடிக்கு வரும். திரையில் ஒரு நீலப் புள்ளி நகரும். அந்தப் புள்ளிதான் நாம்.

நம் ஊர் வெயிலில் திரை தெரியாது. அதனால் துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி, லேப்டாப்பையும் அதற்குள்ளே இழுத்துக்கொள்வேன். முதல் நாளே நீங்கள் சிரித்தீர்கள்.

"ஆத்தா, குறி சொல்லு ஆத்தா. அடுத்து லெப்ட்டா ரைட்டா?"

எனக்கு லெப்ட் ரைட் சட்டென்று வராது. கல்லங்குறிச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் யாரும் வலது இடது சொல்வதில்லை. அடுப்படியில்கூட அம்மா, "அந்தச் சட்டிய மேக்கால நவுத்து" என்றுதான் சொல்வாள். கல்லூரியில் ஒருமுறை வாய் தவறி அப்படிச் சொல்லி, வகுப்பே சிரித்ததில் இருந்து திசைகளை நாக்குக்கு அடியில் வைத்திருந்தேன். உங்களிடமும் ஒரு நாள் வந்துவிட்டது.

"மேக்கால கெழக்காலன்னா நான் வண்டிய நிறுத்திட்டு சூரியனக் கும்புட்டுத்தான் திருப்பணும். லெப்ட்டு ரைட்டு சொல்லு புள்ள. டிகிரி முடிச்சவதான நீ?"

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் மனத்துக்குள் கையைத் தூக்கிப் பார்த்து, சோறு தின்னும் கைதான் ரைட் என்று சரிபார்த்த பிறகே வாயைத் திறப்பேன். அதற்குள் திருப்பம் தாண்டியிருக்கும். "வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்பீர்கள்.

பிறகு ஒரு நாள் ரெட்டிபாளையம் தாண்டி ஒரு ஏரிக்குப் போக வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினோம். மேப்பில் தார்ரோட்டில் இருந்து தெற்கே ஒரு ரோடு இறங்கி, பிறகு கிழக்கே நேராக ஏரிக்கரைக்குப் போனது. கோடு போட்டது போல ரோடு. நீலப் புள்ளி அதன் மேலேயே ஊர்ந்தது. நான் துப்பட்டாவுக்குள் இருந்தேன். எனக்குத் திரை தெரியும், வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் வெளியே பார்ப்பீர்கள், எங்கே போகிறோம் என்று உங்களுக்குத் தெரியாது.

சக்கரத்தின் சத்தம்தான் முதலில் மாறியது. தார் போய் மண், மண் போய் கல். "ரோடு மாறிடுச்சுக்கா" என்றேன். இன்ஜின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் மண்மேடுகள் வந்திருக்க வேண்டும். துணிக்குள் வெளிச்சம் குறைந்து குறைந்து வந்தது. புள்ளி ரோட்டின் மேல் சரியாகவே இருந்தது.

"நேராத்தானக்கா, போங்க."

நீங்கள் பிரேக் போட்ட வேகத்தில் லேப்டாப் டேஷ்போர்டில் போய் இடித்தது. துப்பட்டாவை விலக்கினேன். முன்னால் ரோடு இல்லை. காருக்கு முன்னே ஒரு ஆள் நீளத்துக்கு மண், அதற்கப்புறம் வானம். தெற்குப் பக்கமும் அப்படித்தான். ரோட்டையும் அது போய்ச் சேர்ந்த நிலத்தையும் சேர்த்துத் தோண்டிவிட்டிருந்தார்கள். கீழே சுண்ணாம்புக்கல் சுரங்கம், வெள்ளையாக, கண் கூசும் ஆழத்தில். நம் மேப் பழையது. அதில் இன்னும் அந்த ரோடு இருந்தது.

பள்ளத்தைவிட என்னைப் பயமுறுத்தியது அதன் அமைதி. ஒரு லாரிகூட ஓடவில்லை. எல்லா வண்டிகளும் எதிர்க்கோடியில் ஒதுங்கி வரிசையாக நின்றன. நமக்கு நேர் கீழே பாறையில் துளைகள். துளைக்குத் துளை ஒயர் ஓடியது. ஓரமாகச் சிவப்புக் கொடிகள்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

எங்களைப் போல சிமென்ட் ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சங்கு தெரியும். முதல் சங்குக்கு ஆட்கள் ஒதுங்க வேண்டும். அடுத்த சங்கு ஊதிவிட்டால் வெடிதான். சின்ன வயதில் அடுத்த சங்கு கேட்டதும் அம்மா பரணில் இருக்கும் குடத்தைப் பிடித்துக்கொள்வாள். உங்கள் ஊர் வரதராஜன்பேட்டை. உங்களுக்கு அது தெரியாது.

"என்ன புள்ள அது?"

"வெடி வைக்கப் போறாங்கக்கா."

கண்ணாடியில் தொங்கிய செபமாலையை ஒரு முறை தொட்டீர்கள். ரிவர்ஸ் கியர் விழவில்லை. மறுபடி போட்டீர்கள், கரகரத்தது. மூன்றாவது முறை விழுந்தது. வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னால் பார்த்தால் டிப்பர் லாரிகள் கொட்டிவிட்டுப் போன மண்மேடுகள், ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவே ஒரு சந்து. எல்லாச் சந்திலும் ஒரே மாதிரி டயர் தடம். எந்தச் சந்து வழியாக வந்தோம் என்று நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்திருக்கவே முடியாது.

ஆனால் திரையில் நாம் வந்த தடம் இருந்தது. புள்ளி வந்த வழியெல்லாம் மெல்லிய கோடு விட்டிருந்தது, கடைசியில் மட்டும் கொஞ்சம் தெற்கே வளைந்து. மேப்பில் இருந்த ரோடு பொய்யாகிவிட்டது, இந்தக் கோடு மட்டும் பொய்யில்லை. அதைப் பார்க்க நான் மறுபடியும் துப்பட்டாவுக்குள் போக வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு நானே என் கண்ணைக் கட்டிக்கொள்வது போல இருந்தது. போனேன்.

"ரைட்டுல ஒடிங்கக்கா."

ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தீர்கள். நான் சொன்னது வண்டி போகிற திசைக்கு வலது. பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் போய், மண் சரிந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எந்த ரைட்டு? என் ரைட்டா, வண்டி போற ரைட்டா? மாதாவே... சொல்லித் தொலடி!"

"வடக்கால! பின்பக்கம் வடக்கால போவணும்க்கா!"

"வடக்கு எதுடி?"

"ஆல பொகக்கூண்டு தெரியுதுல்ல? அதான் வடக்கு! அதப் பாத்துப் போங்க!"

அந்தச் சத்தம் என் தொண்டையில் இருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்ஜின் அலறியது, சக்கரம் பிடித்தது, வண்டி நிமிர்ந்தது. "இப்ப மேக்கால. கண்ணாடியில வெயில் அடிக்கும் பாருங்க, அதுக்கு நேரா. விடாதீங்க, நேரா மேக்கால." லெப்டும் ரைட்டும் ரிவர்ஸில் புரண்டுவிட்டன. மேற்கு புரளவில்லை. வந்த கோட்டின் மேலேயே புள்ளி பின்னோக்கி நகர்ந்தது. "மறுபடி வடக்கால" என்று சொல்லி முடிக்கும் முன் இரண்டாவது சங்கு ஊதியது.

கடைசி மேட்டைத் தாண்டியிருந்தோம். சத்தம் காதுக்கு வரும் முன் உள்ளங்காலுக்கு வந்தது. பிறகு கூரை மேல் பொடிக்கற்கள் விழுந்தன, உலையில் அரிசி போடுவது போல. வெள்ளைத் தூசி வந்து எல்லாவற்றையும் மூடியது. அதற்குள்ளிருந்து கையில் சிவப்புக் கொடியோடு ஒரு காவல்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"யாரும்மா நீங்க? எப்புடி உள்ள வந்தீங்க?"

"கம்ப்யூட்டர் காட்டுச்சுங்கண்ணே" என்றீர்கள்.

"வெடி வைக்கிற டைம காட்டலயா அது?"

அவர் போன பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்தீர்கள். மூடியைத் திறக்க உங்கள் கையால் முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

"பயந்துட்டியா?" என்று கேட்டீர்கள்.

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. எனக்குச் செத்துட்டோம்னே ஆயிடுச்சு. பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லு புள்ள. உள்ள வச்சிக்கிட்டா ஓட்றவளுக்கு எப்புடித் தெரியும்?"

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது உங்கள் உறவுக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பயமா இருக்கு புள்ள" என்றீர்கள். அத்தனை பேர் நடுவில் பேச எனக்கு எப்போதும் நா எழாது. அன்று எழுந்தது. "எனக்கும்தாங்கக்கா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டீர்கள். ஊரில் உங்கள் குழியில் அந்தக் கையால்தான் மண் போட்டேன்.

இப்போது என்னோடு வருபவர் வாடகைக் கார் ஓட்டும் ஒரு அண்ணன், நல்ல மனிதர். நேற்று ஒரு ஏரிக்குப் போகும்போது இரண்டு பக்கமும் கருவேலம் அடைந்து, முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. நிறுத்தச் சொன்னேன்.

"மேப்புல இருக்குல்லம்மா, போலாமே" என்றார்.

"இல்லண்ணே, நிறுத்துங்க."

இறங்கி முன்னால் நடந்து போனேன். வளைவு வரை போய்ப் பார்த்தேன். ரோடு இருந்தது. நல்ல ரோடு, ஏரிக்கரை வரைக்கும் போனது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் சிரித்தார்.

"இந்த ரோட்டுக்கா இவ்வளவு பயம்?"

முன்பென்றால் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பேன்.

"ஆமாண்ணே, பயந்துட்டேன்" என்றேன். "நாளைக்கும் பயப்படுவேன். நான் சொன்னா நிறுத்திடுங்க."

குரல் நடுங்கத்தான் செய்தது அக்கா. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரிங்கம்மா" என்று சொல்லிக் கியரைப் போட்டார்.