கருப்பன் வந்தாச்சுங்கப்பா

ஏனுங்கப்பா, உங்கள் சின்னப்பொண்ணு எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நாற்காலிகள்தான். ஒன்றுகூட முன்பக்கம் பார்த்துப் போடப்படவில்லை. நாலைந்து ஒரு மேசையைச் சுற்றிக் கிடந்தன, சில ஜன்னலோரம், ஒன்று தனியாக மூலையில். மேடை இல்லை, மைக் இல்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். அங்கே கடைசி வரிசை என்றே ஒன்று இல்லை.

பாலக்காட்டில் ஒரு வாசகசாலையின் மாடி அது. கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் அவ்வப்போது கூடுகிற இடம். உங்கள் கடைசி நாட்களில், நீங்கள் படுக்கையில் இருந்தபோது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாமா கொடுத்த பழைய லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பேனே, அது இந்த வேலைதான். நம் பக்கத்திலிருந்து பொள்ளாச்சி, கோயம்புத்தூர் போகும் பஸ்களின் நேரம் சொல்லும் ஓர் ஆப். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். சம்பளம் கிடையாது. "மூஞ்சி தெரியாதவங்களுக்கு எதுக்கு சாமி இத்தன வேல?" என்று கேட்டீர்கள். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, பேர் தெரியாத டிரைவருக்கு நீங்கள் டயர் மாற்றிக் கொடுத்ததில்லையா? அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்கிறேன்.

அங்கே ஒருவரையொருவர் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயரால்தான் அறிவார்கள். நான் உங்கள் லாரியின் பெயரை வைத்திருந்தேன். கருப்பன். வாசலில் ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்து, அந்தப் பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதி ஒட்டிக்கொண்டு, துப்பட்டாவை அதன்மேல் இழுத்துவிட்டேன்.

துணைக்கு வந்த அம்மா சும்மா இருந்தால்தானே.

"ஏஞ்சாமி, யாருமே பாடம் நடத்தக் காணமே?"

"இப்படித்தாம்மா. அவங்கவங்க வேலயப் பாப்பாங்க, தெரியாததப் பக்கத்துல கேட்டுக்குவாங்க."

"அதுக்கு ஊட்லயே இருந்திருக்கலாமல்ல?"

கொஞ்ச நேரத்தில் ஒரு சண்டை. ஆப்பில் ஊர்ப்பெயர் முதலில் தமிழில் வர வேண்டுமா, மலையாளத்தில் வர வேண்டுமா என்று. குரல் உயர்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்திய இரண்டு பேரும் அடுத்த நிமிஷமே ஒரே தட்டிலிருந்து பழம்பொரி எடுத்துத் தின்றார்கள்.

கூட்டத்தை ஏற்பாடு செய்த ஷீபா சேச்சி சுற்றிலும் பார்த்தார். "நம்மட கருப்பன் சேட்டன் வந்நில்லே?"

"அவரு பெரிய எஞ்சினியரா இருக்கோணும். கோயம்புத்தூர்ல ஏதாச்சும் கம்பெனில இருப்பாரு," என்றார் கொல்லங்கோட்டு செந்தில் அண்ணன். "பஸ் லேட்டானா காட்டற பகுதிய அவருதான் எழுதுனாரு. வந்தா ஒரு டீ வாங்கிக் குடுக்கோணும்."

துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன். நான்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். எந்தக் காலேஜ், என்ன படிக்கிறாய்? அதற்குப் பயந்துதானே கல்யாணங்களுக்குக்கூடப் போகாமல் இருந்தேன். உங்களையும் அந்தக் கேள்வி விடவில்லை. "என்னாலதான் உம்படிப்புப் போச்சு" என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்கள். அப்போது உங்கள் முகம் எப்படி இருந்தது, அப்பா?

பேசாமல் அம்மாவோடு படியிறங்கிப் போயிருக்கலாம். கருப்பன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் உங்கள் வண்டியின் பெயரை அத்தனை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், யாரும் பதில் சொல்லவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

"நாந்தானுங்க," என்றேன்.

"என்னதுங்க?" என்றார் செந்தில் அண்ணன்.

துப்பட்டாவை விலக்கிக் காட்டினேன். ஷீபா சேச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஈஸ்வரா! இந்தக் குட்டியெயாணோ ஞான் சேட்டான்னு விளிச்சது!" அவர் அண்ணன் என்று கூப்பிட்டது ஒரு சின்னப்பொண்ணை என்றதும் மாடியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

செந்தில் அண்ணன் கேட்டே விட்டார். "எந்தக் காலேஜுங்க?"

"காலேஜ் இல்லீங்க. ஒம்பதாவதோட நின்னுட்டேன். அப்பாவுக்கு முடியாமப் போச்சு."

பாவம் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அவர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "அப்ப பரீட்ச கிரீட்சன்னு நடுவுல ஓட மாட்டீங்க. இதக் கொஞ்சம் பாருங்க. வாளையாரத் தாண்டுனா பஸ்ஸு மேப்ல காணாமப் போகுது. மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடக்கறேன்."

பாதியை அவர் கண்டுபிடித்தார், மீதியை நான். பஸ் திரும்பத் தெரிந்தபோது எல்லாரையும் விட உரக்கக் கத்தியது அம்மாதான். "வந்துருச்சு, வந்துருச்சு!" பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, "எம்புள்ளதானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை.

நீங்கள் இனி வருத்தப்பட வேண்டாம், அப்பா. யார் கேட்டாலும், எந்தக் கல்யாண வீட்டில் கேட்டாலும், ஒன்பதாவது என்று நிமிர்ந்து சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கலைவதற்கு முன் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்த கூட்டத்தை யார் தங்கள் ஊரில் நடத்துவது என்று கேட்பார்கள். கேட்டதும், அதுவரை வாய் ஓயாமல் பேசியவர்கள் எல்லாம் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"நீ கம்முனு இரு. இத்தன பேருக்கு யாரு சோறாக்கறது?" என்றாள் அம்மா என் காதில்.

நான் கையைத் தூக்கினேன்.

உங்கள் மகள்,
கவிதா